டிக்கெட் கிடைக்காத ஸ்டேஷன்கள்: அடர்லி முதல் பெர்ன்ஹில் வரை

பெட்போர்டுக்காரன் | குன்னூர்

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஊட்டியையும் குன்னூரையும் குகைகளையும் புகையையும்தான் எழுதுகிறார்கள். நடுவில் பூட்டிக் கிடக்கும் ஸ்டேஷன்களைப் பற்றித் தமிழில் நாலு வரி கிடைக்குமா என்று தேடினேன், ஒன்றும் தேறவில்லை. அதனால்தான் இந்த இழை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர். கீழிருந்து வரிசையாகச் சொன்னால்: மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், பெர்ன்ஹில், உதகமண்டலம். இந்தப் பதின்மூன்றில் கல்லாறு, அடர்லி, ரன்னிமேடு, காட்டேரி ரோடு, பெர்ன்ஹில் ஐந்தும் பயணிகள் ஸ்டேஷன் என்ற கணக்கிலிருந்து போய்விட்டன. தண்ணீருக்கோ வேறு வேலைக்கோ வண்டி நிற்கலாம். ரன்னிமேட்டுக்குச் சுற்றுலா ஸ்பெஷல் விட்டதும் உண்டு, அது தனி. ஆனால் கவுண்ட்டரில் போய் "அடர்லிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்க முடியாது.

எனக்கு உறுத்துவது இதுதான். அடர்லியில் ஊர் இல்லை, சந்தை இல்லை, கோயில் திருவிழா இல்லை. சுற்றிலும் காடு. அங்கே ஒரு ஸ்டேஷனை யாருக்காகக் கட்டினார்கள்? யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் பெரியவர்கள் இங்கே சிலர் இருப்பதாக நினைவு.

பல்சக்கரம் | மேட்டுப்பாளையம்

தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். நான் இன்ஜின் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால் இன்ஜின் பக்கமிருந்தே பதில் சொல்கிறேன்.

அந்த ஸ்டேஷன்களைப் பயணிக்காகக் கட்டவில்லை. இன்ஜினுக்காகவும் பாதைக்காகவும் கட்டினார்கள். பயணி அங்கே ஏறி இறங்கியது உபரி.

தூரத்தைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு 8 கிலோமீட்டர், அடர்லி 13, ஹில்குரோவ் 18, ரன்னிமேடு 21, காட்டேரி ரோடு 25, குன்னூர் 28. கல்லாற்றுக்கு மேலே மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று. சமவெளியில் இந்த இடைவெளியில் ஸ்டேஷன் வைத்தால் இரண்டு பக்கமும் பெரிய ஊர் இருக்க வேண்டும். இங்கே இருப்பது ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை 40 அடி போனால் 1 அடி ஏறும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி. இரும்புச் சக்கரம் வெறும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படி ஏறாது. அதனால்தான் நடுவில் பல் தண்டவாளம். இரண்டு பல்பட்டைகளை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரத்தின் ஏதாவது ஒரு பல் எப்போதும் கவ்விக்கொண்டே இருக்க அந்த ஏற்பாடு. ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்தது, அவர் பேரிலேயே ஆப்ட் முறை.

இந்தப் பல்பாதையில் ஓடும் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். சாதாரணச் சக்கரத்துக்கு இரண்டு, பல்சக்கரத்துக்கு இரண்டு. சமமான இடத்தில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்பாதையில் ஏறியதும் அந்த இரண்டில் வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கும் அனுப்புவார்கள். அவ்வளவு சிக்கனம் பண்ணியும் தண்ணீர் குடிக்கும் பாருங்கள், சொல்லி மாளாது. இன்ஜினிலேயே தொட்டி வைத்த வண்டி, தனியாகத் தண்ணீர்ப் பெட்டி கிடையாது. மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத பாதையில், கொதிகலன் முழு மூச்சில் இரைத்துக்கொண்டு, நாலு பெட்டியை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? ஓடை குறுக்கே வரும் இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தம் வைக்க முடியும்.

அப்புறம் கிராசிங். ஒற்றைப் பாதை. மேலே போகிறதும் கீழே வருகிறதும் எங்காவது ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். சரக்கு வண்டி ஓடிய காலத்தில் அதற்கும் இடம் வேண்டும்.

கல்லாற்றைத் தனியாகச் சொல்கிறேன். அங்கேதான் பல்பாதை ஆரம்பம். வண்டி அந்த இடத்துக்கு வரும்போது நடை வேகத்துக்கும் கீழே இறங்கும். பல்பட்டையின் முதல் துண்டு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும், பல் சரியாகச் சேராவிட்டால் சற்று அமுங்கிக் கொடுக்கும். சேர்ந்த கணத்தில் "கடக்" என்று ஒரு சத்தம், கால் வழியாக மேலே ஏறும். பெட்டியில் இருப்பவர்கள் அதைப் பேச்சுக்கு நடுவே விட்டுவிடுவார்கள். டிரைவருக்கு அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

தைலமரம் | ஊட்டி

ஐயா சொன்னது கீழே இருக்கும் நாலுக்கும் சரி. பெர்ன்ஹில் கதை வேறு. குன்னூருக்கு மேலே பல்பாதை கிடையாது, ஏற்றமும் 23-க்கு 1 தான்.

1899 ஜூன் 15-ல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது. ஒன்பது வருஷம் அங்கேயே நின்றது. ஊட்டிக்கு நீட்டியபோது முதலில் பெர்ன்ஹில் வரைக்கும் 1908 செப்டம்பர் 15-ல் திறந்தார்கள். உதகமண்டலம் திறந்தது அக்டோபர் 15. அதாவது ஒரே ஒரு மாதம், மலை ரயிலின் கடைசி ஸ்டேஷன் பெர்ன்ஹில். அந்த மாதம் கீழேயிருந்து வந்த மூட்டையும் பெட்டியும் துரைமாரும் துரைசானிமாரும் அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும். அதற்கப்புறம் அது ஊட்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஸ்டேஷன், அவ்வளவுதான்.

மைசூர் மகாராஜாவின் பெர்ன்ஹில் அரண்மனை அந்தப் பக்கம்தான். சீசனுக்கு அரண்மனைக்கு வருகிறவர்கள் இருந்தவரை அந்த ஸ்டேஷனுக்கு ஒரு காரணம் இருந்தது. அது போனதும் ஒரு கிலோமீட்டருக்காக யார் டிக்கெட் எடுப்பார்கள்? நடந்தே போய்விடலாம்.

நான் பெர்ன்ஹில்லை ஒட்டி வளர்ந்தவன். எனக்கு அது மூடிக் கிடப்பதில் வருத்தம் உண்டு, ஆனால் மூடியதில் ஆச்சரியம் இல்லை.

பழங்கணக்கு | கோவை

தேதிகள் வந்துவிட்டதால் முழுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். இந்தப் பாதை எவ்வளவு தட்டுத்தடுமாறி வந்தது என்று தெரிந்தால்தான் அடர்லி மாதிரி இடத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவர்களின் பிடிவாதம் புரியும்.

நீலகிரிக்கு ரயில் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அகலப்பாதை வந்து சேர்ந்தது. சரி, அடிவாரத்துக்கு ரயில் வந்தாயிற்று, மேலே? மேலே போக டோங்கா வண்டி, மாட்டு வண்டி, குதிரை, டோலி. 1882-ல் ரிக்கன்பாக் என்ற சுவிஸ் எஞ்சினியர் வந்து பார்த்தார். இவரும் பல்பாதை நிபுணர்தான், ஆல்ப்ஸில் ரிகி மலைக்கு ரயில் ஏற்றியவர். 1885-ல் கம்பெனி அமைந்தது. 1891 ஆகஸ்டில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்றே வருஷத்தில், 1894-ல், அந்தக் கம்பெனி திவாலாகிப் போனது. 1896-ல் புதுக் கம்பெனி. 1899-ல் குன்னூர். 1903 ஜனவரியில் அரசாங்கமே 35 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1908-ல் ஊட்டி.

யோசனை தோன்றி முதல் வண்டி குன்னூர் போக 45 வருஷம். ஒரு கம்பெனியையே தின்ற பாதை இது. 208 வளைவு, 16 குகை, 250 பாலம். இதில் பெரும்பாடு பட்டது கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள சுமார் 20 கிலோமீட்டர். மூடப்பட்ட ஐந்தில் நாலு ஸ்டேஷன்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேலை அதிகமாக இருந்த இடத்தில் ஆள் அதிகம், கட்டிடம் அதிகம். வேலை குறைந்ததும் முதலில் காலியானதும் அதே இடம்.

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம், பற்றி ஒரு வரி. டார்ஜிலிங் 2 அடிப் பாதை, சிம்லா 2 அடி 6 அங்குலம். நம்முடையது மீட்டர் கேஜ், அவற்றைவிட அகலம். அகலம் கூடினால் மலையில் வெட்ட வேண்டிய பாறையும் கூடும்.

கீமேன் பேத்தி | திருப்பூர்

இவ்வளவு நாள் படிக்க மட்டும்தான் இங்கே வந்தேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா அடர்லி பக்கம், பாதையைப் பராமரிக்கும் கேங்கில் கீமேனாக இருந்தவர். ஸ்டேஷனை ஒட்டின லைன் வீட்டில் குடும்பம். அம்மாச்சிக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் தப்பினாலும் அடர்லி என்றால் மட்டும் தெளிவாகப் பேசுவார். "அங்க யார் ஏறினாங்க" என்று அண்ணன் கேட்டாரே, எங்கள் ஆட்கள்தான் ஏறினார்கள்.

அரிசியும் பருப்பும் ரயிலில் வரும். சம்பளம் ரயிலில் வரும். பிள்ளை பெற நேரம் வந்தால் ரயிலை நிறுத்திக் கொண்டுபோவார்கள். எங்கள் பெரியம்மா குன்னூருக்குப் படிக்கப் போனது ரயிலில். காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் மணியைத் தட்டினால் வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு உலை வைக்கும் நேரம் தெரியும் என்று அம்மாச்சி சொல்வார். கடிகாரம் ஸ்டேஷனில் மட்டும்தான்.

தாத்தாவின் வேலை தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பது. தோளில் சுத்தியல், பெரிய ஸ்பேனர், சிவப்புக் கொடி பச்சைக் கொடி, ராத்திரியானால் விளக்கு. சாதாரணப் பாதையில் இரண்டு தண்டவாளத்தைப் பார்த்தால் போதும். இங்கே நடுவில் பல்பட்டையும் உண்டு. ஒவ்வொரு போல்ட்டிலும் சுத்தியலால் தட்டுவாராம். இறுக்கமாக இருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். பல்லுக்கு நடுவே கல் மாட்டியிருந்தால் கையை விட்டு எடுப்பார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் நகம் கடைசி வரைக்கும் கறுப்பாகவே இருந்தது, நான் பிடித்து விளையாடியிருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி ரோந்து. மேலே இருந்து மண் எப்போது வரும் என்று தெரியாது. காலில் அட்டை ஏறும், பக்கத்திலேயே யானை நிற்கும். பாதையில் மண் விழுந்திருந்தால் வண்டி வரும் திசைக்கு ஓடிப்போய் தண்டவாளத்தில் வெடி வைக்க வேண்டும். சக்கரம் அதன் மேல் ஏறி வெடித்தால் டிரைவர் நிறுத்துவார். அம்மாச்சி தூங்காமல் உட்கார்ந்திருந்தது அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துத்தான்.

எந்த வருஷம் லைன் வீட்டைக் காலி செய்தார்கள் என்று அம்மாச்சியால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் மாற்றல் வந்தது, சட்டி பானையை வண்டியில் ஏற்றினார்கள். அவ்வளவுதான்.

பல்சக்கரம் | மேட்டுப்பாளையம்

அம்மா, உங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் நடந்த பாதையில்தான் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் ஓட்டினோம். உங்கள் அம்மாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வாரக்கடைசி | கோவை

படிக்கும்போது மனசு கனக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இவ்வளவு அழகான கட்டிடங்கள் சும்மா பாழாகிக் கிடப்பது சரியா? ஒரு காபிக் கடை, ஒரு சின்ன தங்கும் விடுதி, படம் எடுத்துக்கொள்ள ஒரு இடம் என்று வைத்தால் கட்டிடமும் பிழைக்கும், ரயில்வேக்கும் வருமானம் வரும். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற பாதை. வெளிநாட்டில் பழைய ஸ்டேஷன்களை இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றாமல் விட்டால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் கூரை இருக்காது, அப்புறம் எதைப் பற்றி இழை போடுவீர்கள்?

கல்லாற்றுக் கரை | மேட்டுப்பாளையம்

வாரக்கடைசி சார், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடர்லியையும் ஹில்குரோவையும் ரயிலில் இருந்து மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

கல்லாறு யானை வழித்தடம். இது பேச்சுக்குச் சொல்வதில்லை, கோர்ட் வரைக்கும் போன விஷயம். 2022-ல் இந்தப் பாதையோரம் எழுப்பிய தடுப்புச் சுவரால் குட்டியோடு வந்த கூட்டம் கடக்க முடியாமல் தவித்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். அதற்கப்புறம் சுவரை இடித்தார்கள். கோடையில் ஸ்டேஷன் தண்ணீரைத் தேடி யானை வருவது வருஷா வருஷம் நடக்கிறது. அங்கே பஜ்ஜி வாசனையும் வாழைப்பழத் தாரும் வைத்தால் என்ன ஆகும்? முதலில் யானை கடையை உடைக்கும். அப்புறம் யானையை விரட்ட ஆள் வைப்பார்கள். அப்புறம் வேலி போடச் சொல்வார்கள்.

அந்த இடங்கள் காலியானதில் காட்டுக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறது. ராத்திரியில் மனித நடமாட்டம் இல்லை. ரயில் பகலில் போய்விடும். மீதி நேரம் பாதை காட்டுடையது.

வாரக்கடைசி | கோவை

யானை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் சார். அப்படியென்றால் பெர்ன்ஹில்? அது ஊட்டி ஊருக்குள்தானே. ரன்னிமேடு பக்கத்திலேயே மெயின் ரோடு, காட்டேரி பூங்கா எல்லாம் இருக்கிறது. ஐந்துக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லையே.

தைலமரம் | ஊட்டி

இது நியாயமான கேள்வி. பெர்ன்ஹில்லைத் திறந்தால் யானை வராது. ஆனால் காபிக் கடை எனக்குப் பிடிக்கவில்லை. ஊட்டியில் காபிக்குப் பஞ்சமா? அந்தக் கட்டிடத்தில் மலை ரயிலில் வேலை செய்தவர்களின் சாமான்களை வையுங்கள். கீமேன் பேத்தி சொன்ன சுத்தியல், கொடி, விளக்கு. பிரேக்ஸ்மேன் உடுப்பு. இதையெல்லாம் பார்க்க ஊட்டியில் ஒரு இடம் வேண்டும். வருகிறவர்களுக்கு இன்ஜினைத் தெரிகிறது, ஆட்களைத் தெரியவில்லை.

பழங்கணக்கு | கோவை

பிரேக்ஸ்மேன் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பாதையில் இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதனால் மேலே ஏறும்போது டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுவார். முதல் பெட்டிக்காரர் பச்சை காட்ட, அதைப் பார்த்து அடுத்தவர் காட்ட, கடைசியில் டிரைவர் வரைக்கும் வரும். சிவப்பென்றால் அவரவர் பெட்டிக்கு அவரவர் கையால் பிரேக் சுற்ற வேண்டும். இன்றைக்கும் நடக்கிற முறை. அடுத்த தடவை போகும்போது ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பதோடு அவர்களையும் பாருங்கள்.

போடிமெட்டு | போடிநாயக்கனூர்

நீலகிரிக்காரர்கள் பேசும் இடத்தில் பழனி மலைப் பக்கத்துக்காரன் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் மலைக்கு உங்கள் அதிர்ஷ்டம் இல்லை. கொடைக்கானலுக்கு ரயில் ஏறவே இல்லை. கொடைரோடு என்று அடிவாரத்துக்கும் அந்தப் பக்கம், கொடைக்கானலிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டேஷன், பேரில் மட்டும் கொடை.

ஆனால் எங்கள் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையில், நிஜமாகவே 2 அடி நேரோ கேஜ் ஒன்று ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக. முதலில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்தது, 1908-ல் அதை மாற்றி நேரோ கேஜ் போட்டு நீராவி இன்ஜின் விட்டார்கள். உங்கள் ஊட்டி திறந்த அதே வருஷம். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் வண்டியில் போடி. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான்.

1924 வெள்ளத்தில் அந்த ரயில் மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. இன்றைக்கு டாப் ஸ்டேஷன் என்றால் மேகம் பார்க்கும் இடம். அது ஒரு ஸ்டேஷன் என்பதே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் அந்த ரயிலில் வேலை செய்த தொழிலாளிகள் எல்லாம் எங்கள் மாவட்டத்திலிருந்து மலை ஏறியவர்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் பேர்கூட இன்று சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு அம்மாச்சி இருக்கிறார். தயவுசெய்து இந்த வாரமே அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்கள் தங்கச்சி.

கீமேன் பேத்தி | திருப்பூர்

சரிண்ணே. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது என்று நினைத்திருந்தேன். இந்த ஞாயிறே போகிறேன்.

அருவங்காடு குடியிருப்பு | அருவங்காடு

காட்டேரி ரோடு பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து எடுத்தார்கள், பைக்காரா மின்நிலையம் எல்லாம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். மெஷினும் குழாயும் மலை ஏறிய காலத்தில் இந்த ரயிலை விட்டால் மாட்டு வண்டிதான். எங்கள் தொழிற்சாலை இருப்பதால் அருவங்காடு ஸ்டேஷன் பிழைத்தது. வெலிங்டனுக்கு ராணுவம், லவ்டேலுக்கு லாரன்ஸ் பள்ளி. பின்னால் ஒரு ஊரோ நிறுவனமோ இருந்த ஸ்டேஷன்கள் எல்லாம் நின்றன, காட்டேரி ரோட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ரோடும் பஸ்ஸும் வந்த பிறகு குன்னூரிலிருந்து 3 கிலோமீட்டருக்கு யார் ரயிலுக்குக் காத்திருப்பார்கள்?

1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்து ரோடும் ரயில் பாதையும் போனதே, அதை எங்கள் வீட்டில் இன்னும் பேசுவார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போதும் பாதை போனது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கட்டிடங்களில் ஏதாவது நிற்கிறது என்றால் கட்டின கொத்தனாரின் கை அப்படி.

பெட்போர்டுக்காரன் | குன்னூர்

எல்லாருக்கும் நன்றி. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த ஸ்டேஷன்களைப் "பயன்படாத ஸ்டேஷன்" என்று எழுதுவதையே நான் இனி ஏற்க மாட்டேன். ஒரு தலைமுறை முழுக்கப் பயன்பட்டிருக்கின்றன, அந்தப் பயன் பயணிகள் கணக்கில் வராது, அவ்வளவுதான். ஆறேழு வீடு, ஒரு மணி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் பல்பாதையை மழையிலும் திறந்து வைத்திருந்தார்கள்.

என்ன செய்யலாம் என்பதில் நான் கல்லாற்றுக் கரை பக்கம். கல்லாறு, அடர்லி இரண்டையும் காட்டிடமே விட்டுவிட வேண்டும். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு ஓடு மாற்றுவதற்கும் கரையான் மருந்து அடிப்பதற்கும் காபிக் கடை தேவையில்லை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இன்ஜின் மட்டும் இல்லை, பாதை மொத்தமும்தான். அப்படியென்றால் அந்தச் சுவர்களைக் காப்பதும் கடமைதான், வருமானம் வந்தால் செய்யலாம் என்று தள்ளிவைக்கிற காரியம் இல்லை. பெர்ன்ஹில் விஷயத்தில் தைலமரம் சொன்னது எனக்கு முழுச் சம்மதம்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் தண்டவாளத்தில் நடந்து அடர்லிக்குப் போக வேண்டாம். சட்டப்படி குற்றம், பாலங்களில் ஒதுங்க இடம் கிடையாது, யானையும் உண்டு. ரயிலிலிருந்தே பார்க்கலாம். வண்டி அவ்வளவு மெதுவாகத்தான் போகும், பார்க்கத் தெரிந்தால் லைன் வீட்டுச் சுவரும் கண்ணில் படும்.

இப்போது எனக்கு வேண்டியது பழைய கால அட்டவணை. எந்த வருஷம் வரை அடர்லியிலும் காட்டேரி ரோட்டிலும் பயணிகள் வண்டி நின்றது என்று அதில் தெரிந்துவிடும். இந்தப் பாதை 2007 வரை பாலக்காடு கோட்டத்தில் இருந்தது, அப்புறம் சேலம் கோட்டம். பழையது யாரிடமாவது இருக்குமா?

பல்சக்கரம் | மேட்டுப்பாளையம்

கால அட்டவணை என்னிடம் இரண்டு மூன்று இருக்கிறது தம்பி. டிரைவர்களுக்குக் கொடுக்கும் வேலை அட்டவணை, பயணிகள் புத்தகத்தில் இல்லாததும் அதில் இருக்கும். தண்ணீர் எங்கே, எத்தனை நிமிஷம், கிராசிங் எங்கே என்று எல்லாம். பரணில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. முட்டி வலியால் நான் ஏறக் கூடாது, மருமகன் வெள்ளிக்கிழமை வருகிறார். எடுத்துக் கல்லாறு முதல் குன்னூர் வரை உள்ள பக்கங்களைப் படம் பிடித்துப் போடச் சொல்கிறேன்.

கீமேன் பேத்தி | திருப்பூர்

ஐயா, அதில் கேங் நம்பர் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். தாத்தாவின் கேங் நம்பர் அம்மாச்சிக்குத் தெரியும்.